ஒளித்தவர் பங்கு

எங்கள் வீட்டுச் சுவர்கள் இடுப்பளவு எழும்பியிருந்தபோதே, எந்த அறையில் எந்தக் கேபிள் வந்து நிற்கும் என்று என் கணவர் க்விரினுக்குத் தெரியும். வாடகை வீட்டின் சாப்பாட்டு மேசை முழுக்க வரைபடங்கள். டிவி கேபிளுக்குச் சிவப்புக் கோடு, நெட்வொர்க் கேபிளுக்கு நீலம், பிற்காலத்துக்கென்று சுவருக்குள் போட்டுவைக்கும் வெறும் பைப்புக்குப் பச்சை. எல்லாக் கோடுகளும் நிலவறையில் ஓர் அலமாரியில் போய்ச் சேர்ந்தன. மேசையின் ஓரத்தில் மிச்சமிருந்த இடத்தில் தட்டை வைத்து நாங்கள் சாப்பிட்டோம்.

"குளியலறைக்கு எதுக்குடா டிவி?" என்று கேட்டான் அலோய்ஸ். க்விரினின் சித்தப்பா மகன், எலக்ட்ரீஷியன். எங்கள் புது வீட்டின் கரண்ட் வேலை அவனுடையதுதான்.

"டிவி இல்ல, வெறும் பைப். நாளைக்கு வேணும்னா கேபிள் இழுத்துக்கலாம்."

"நாளைக்குத் தொட்டியில படுத்துக்கிட்டே ஃபுட்பால் பார்ப்பியா?"

"நான் பார்க்க மாட்டேன். நமக்குப் பின்னால வர்றவங்க பார்க்கலாம் இல்ல?"

"ஃப்ரோனி," என்று என் பக்கம் திரும்பினான் அலோய்ஸ். "இப்பவே சொல்லிட்டேன். இவன் தன்னோட கல்லறைக்கும் ஒரு வெறும் பைப் போடச் சொல்லுவான்."

நான் சிரித்தேன். க்விரின் சிரிக்கவில்லை, பச்சைப் பென்சிலைக் கூர்தீட்டிக்கொண்டிருந்தார். பால் நிலையத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவர். கண்ணால் பார்த்துப் பால் நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட அவரால் முடியாது. அளந்தால்தான் நிம்மதி.

கூரையில் வைக்கப்போகும் டிவி டிஷ்ஷுக்கும் அப்படித்தான். சாட்டிலைட் நிற்பது தெற்கே, கொஞ்சம் கிழக்கு தள்ளி. எங்கள் பவேரியாவிலிருந்து பார்த்தால் வானத்தில் அவ்வளவு உயரமும் இல்லை. இடையில் ஒரு மரமோ கூரையோ வந்தால் படம் போய்விடும். க்விரின் ஒரு கோணமானியில் நூலைக் கட்டி, நூலில் ஒரு நட்டைத் தொங்கவிட்டு, சாரத்தின் மேல் ஏறி ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். தீயணைப்பு நிலையத்தின் செஸ்ட்நட் மரம் இன்னும் எவ்வளவு வளரும் என்று தோட்டக்காரர்களிடம் விசாரித்தார்.

"என்னடா பையா, வானத்துக்கு வரி போடப் போறியா?"

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல். வடக்கே அடுத்த வீட்டு எங்கல்பெர்ட். பால் லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர். மனைவி இறந்த பிறகு தனியாக இருக்கிறார்.

"என் டிஷ்ஷுக்கு எதிர்ல ஏதாவது மறைக்குமான்னு பார்க்கிறேன், எங்கல்பெர்ட்."

"நான் எதையும் அளக்கல. கம்பத்த நட்டேன், தட்டத் திருப்பினேன், ஒரு பாதிரியார் தெரிஞ்சார். அங்கயே இறுக்கிட்டேன்."

அவருடைய டிஷ் கூரையில் இல்லை. வீட்டுக் கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ். அதில் துளை போடக் கூடாது என்பது சட்டம். அதனால் தோட்டத்தில், எங்கள் வேலிக்குப் பக்கத்தில், சின்னச் சிவப்புப் பழம் காய்க்கும் செம்முந்திரிகைச் செடிகளுக்கு நடுவே இடுப்பளவுக் கம்பத்தில் அது நின்றது. மழை நாட்களில் அதன் மேல் ஒரு பழைய தொப்பியை மாட்டிவைப்பார்.

டிவிப் பெட்டிதான் அவருக்குக் கோயில் என்பது ஊருக்கே தெரியும். முப்பது வருடம் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடியவர். இடுப்பில் செய்த அறுவைச் சிகிச்சை சரியாக அமையவில்லை. எங்கள் கோயில் குன்றின் மேல் இருக்கிறது. போவதற்குப் படிகள்தான் வழி. பங்குத்தந்தைக்கு நான்கு ஊர்கள். மாதம் ஒருமுறை நற்கருணையோடு வீட்டுக்கு வருவார். மற்ற ஞாயிறுகளில் எங்கல்பெர்ட் கறுப்புக் கோட்டைப் போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு டிவியில் பூசை காண்பார். ஜன்னல் திறந்திருந்தால் அவர் குரல் தெருவுக்கு வரும். டிவியில் பாடுகிறவர்களைவிட அவர் அரை வரி முன்னால் போவார். லாரி ஓட்டிய பழக்கம் என்று அலோய்ஸ் சொல்வான்.

கூரை வேலைக்கு மரம் வந்து இறங்கியது. கூரையின் உச்சியைத் தாங்கும் முகட்டு உத்தரம் மட்டும் தனியாக, நல்ல வழவழப்பான ஸ்ப்ரூஸ் மரம், புல்லின் மேல் கிடந்தது. மறுநாள் காலையில் அது இல்லை.

எங்கள் பக்கத்தில் இதைத் திருட்டு என்று யாரும் போலீசுக்குப் போக மாட்டார்கள். புது வீட்டின் முகட்டு உத்தரத்தை ஊர்ப் பையன்கள் தூக்கிக்கொண்டு போய் ஒளிப்பது வழக்கம். வீட்டுக்காரன் கெஞ்சி, விருந்து கொடுத்து மீட்க வேண்டும். க்விரினுக்கும் இது தெரியும். ஆனால் அவர் உத்தரத்தின் நீளத்தையும் எங்கள் வாசலின் திருப்பத்தையும் கணக்குப் போட்டு, இதைத் தெருவழியாகக் கொண்டுபோகவே முடியாது என்று முடிவுசெய்து, நிம்மதியாகத் தூங்கிவிட்டார்.

அவர் கணக்கு சரி. அவர்கள் தெருவழியாகப் போகவில்லை. வேலியைத் தாண்டி எங்கல்பெர்ட்டின் கொட்டகைக்குள் நேராகச் செருகிவிட்டார்கள். ஊர் முழுக்கத் தேடிய க்விரின் அங்கே மட்டும் பார்க்கவில்லை.

சனிக்கிழமை பையன்கள் எங்கள் சுவர்களுக்கு நடுவே விசாரணை மன்றம் வைத்தார்கள். தலையில் துடைப்பக் குஞ்சத்தைக் கவிழ்த்திருந்த நீதிபதி கேட்டான்: "குற்றவாளி க்விரின், உன் உத்தரம் ரெண்டு நாளா எங்க இருந்துச்சு தெரியுமா?"

"தெரியாது."

"உன் மூக்குக்கு நேரா! எங்கல்பெர்ட், எந்திரிங்க. சாட்சி சொல்லுங்க."

எங்கல்பெர்ட் கைத்தடியை ஊன்றி எழுந்தார். "அய்யா நீதிபதி, இவன் என் கொட்டகைக் கதவுல சாஞ்சுக்கிட்டு, 'எங்க போயிருக்கும் எங்கல்பெர்ட்'னு என்கிட்டயே கேட்டான். பாவமா இருந்துச்சு. ஒரு கிளாஸ் மோர் கொடுத்தேன்."

சுவர்கள் அதிரச் சிரித்தார்கள். க்விரினும் சிரித்தார், காதுவரை சிவந்து. தீர்ப்பு வந்தது: பையன்களுக்கு இரண்டு பீப்பாய் பீரும் வறுத்த பன்றியும். ஒளித்தவருக்குத் தனிப் பங்கு, ஒரு பெட்டி பீர்.

"டாக்டர் பீர் குடிக்கக் கூடாதுன்னுட்டார்" என்றார் எங்கல்பெர்ட். "என் பங்கு நிக்கட்டும். பிறகு பார்த்துக்கலாம்."

"அப்போ பீருக்கு ஈடா வேற ஏதாவது கொடுக்கணும்" என்று நீதிபதி மரச் சுத்தியலால் சுவரைத் தட்டினான். "ஒளித்தவர் பங்கு தீராம இந்த வீட்டுல யாரும் குடியேறக் கூடாது. மன்றம் கலைஞ்சுது. பன்றி எங்கடா?"

அன்று மாலை எங்கல்பெர்ட் எங்களோடு நெடுநேரம் இருந்தார். இந்த வீடு நல்ல வீடாக அமையும் என்று அப்போதே எனக்குத் தோன்றியது.

அடுத்த வாரம் கூரை எழுந்தது. உத்தரம் ஏறியது, கைமரங்கள் ஏறின, அவற்றின் மேல் பலகை அடித்து மூடினார்கள். வெள்ளிக்கிழமை முகடு ஏற்றும் விழா. ரிப்பன் கட்டிய சின்ன மரத்தை முகட்டில் நட்டு, தலைமைத் தச்சர் மேலே நின்று ஆசி சொல்லி, ஒயினைக் குடித்துக் கிளாஸைக் கீழே எறிந்தார். அது நன்றாக நொறுங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். அண்டைவீட்டாருக்கென்று போட்டிருந்த பெஞ்சில் எங்கல்பெர்ட்டின் இடம் மட்டும் காலியாக இருந்தது.

விழாவுக்கு அண்டைவீட்டான் வராமல் இருப்பது சின்ன விஷயம் அல்ல. கைகலப்பு நடந்த குடும்பங்களுக்கு நடுவில்தான் அப்படி நடக்கும்.

"அவர் தோட்டத்துக்கு வெயில் மறையுது போல" என்றாள் ஒருத்தி.

"பொறாமைதான். கிழவனுக்குப் புது வீடு கண்ணை உறுத்துது" என்றான் இன்னொருவன்.

"வாய மூடிக்கிட்டு சாப்பிடு" என்றான் அலோய்ஸ்.

க்விரின் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. "நாம என்ன பண்ணினோம், ஃப்ரோனி? போன வாரம் சிரிச்சுப் பேசினாரே. கேட்டா 'ஒண்ணுமில்ல'ன்னு கதவச் சாத்திட்டார்."

"இடுப்பு வலியா இருக்கும்."

"வலி இருந்தப்போகூட மன்றத்துக்கு வந்தார் இல்ல?"

நானும் உள்ளுக்குள் கொஞ்சம் வருத்தப்பட்டேன். மற்றவர் முகம் திருப்பிக்கொண்டால், நாம் செய்ததை யோசிப்பதற்கு முன்னால் அவர் குணத்தை யோசிக்கத்தான் மனசு ஓடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் சீக்கிரப் பூசை. முடிந்து படியிறங்கும்போது, விழாவில் மிஞ்சிய ஆப்பிள் கேக்கை எங்கல்பெர்ட்டுக்குக் கொடுக்கலாம் என்று தோன்றியது. கோபமாக இருந்தாலும் கேக்கின் மேல் கோபம் யாருக்கும் இருக்காது. க்விரின் எங்கள் மனையில் எதையோ அளக்கப் போனார். நான் தட்டோடு பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

ஜன்னல் சாத்தியிருந்தது. தட்டுவதற்கு முன் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

எங்கல்பெர்ட் கறுப்புக் கோட்டில் உட்கார்ந்திருந்தார். மடியில் பாட்டுப் புத்தகம் திறந்திருந்தது. டிவியின் பக்கத்தில் மெழுகுவர்த்தி எரிந்தது. டிவியில் நீலம் மட்டும். நடுவில் 'சிக்னல் இல்லை' என்று ஓர் எழுத்துவரிசை இடமும் வலமும் நகர்ந்துகொண்டிருந்தது.

நான் திரும்பிப் பார்த்தேன். செம்முந்திரிகைச் செடிகளுக்கு நடுவே அந்தச் சின்ன டிஷ், தெற்கு நோக்கி, கொஞ்சம் கிழக்கு தள்ளி நிமிர்ந்து நின்றது. அதற்கு எதிரே எங்கள் கூரை. பலகை அடித்து, ரிப்பன் மரம் நட்ட, எங்கள் அழகான கூரை.

கேக் தட்டைப் படியில் வைத்துவிட்டு வேலியோரம் போனேன். "க்விரின், இங்க வாங்க. கோணமானி எடுத்துட்டு வாங்க."

அவர் வந்தார். எங்கல்பெர்ட்டின் டிஷ்ஷைக் காட்டினேன், பிறகு எங்கள் முகட்டைக் காட்டினேன். அவர் வேலியைத் தாண்டி, நனைந்த புல்லில் ஞாயிற்றுக்கிழமைக் கால்சட்டையோடு மண்டியிட்டு, டிஷ்ஷின் உயரத்துக்குத் தலையைக் குனிந்து பார்த்தார். நூலைத் தொங்கவிட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

முழங்கால் ஈரத்தைத் துடைக்காமல் எழுந்தார். "என் டிஷ்ஷிலேருந்து எல்லாத்தையும் பார்த்தேன், ஃப்ரோனி. அந்தச் செஸ்ட்நட் மரத்தோட பேரன் வரைக்கும் கணக்குப் போட்டேன். அவரோட டிஷ்ஷிலேருந்து ஒரு தடவை பார்க்கல."

கதவு திறந்தது. எங்கல்பெர்ட் கைத்தடியோடு நின்றார். "என் செடிக்குள்ள என்னடா தேடுற? இன்னொரு உத்தரம் காணாமப் போச்சா?"

"ஏன் சொல்லல, எங்கல்பெர்ட்?"

அவர் கைத்தடியால் எங்கள் கூரையைக் காட்டினார். "என்னன்னு சொல்றது? கூரையக் கழட்டுன்னா? முதல்ல பெட்டிதான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். ரெண்டு தட்டுத் தட்டினேன். அப்புறம் வெளிய வந்து பார்த்தா புரிஞ்சுது. வீடு கட்டி முடிக்கிற சந்தோஷத்துல இருக்கிறவங்ககிட்ட இதைக் கொண்டுவந்து வைக்கணுமா?"

"விழாவுக்கு வந்திருக்கலாம்."

"வந்தா கூரையப் பார்த்து நல்லா இருக்குன்னு சொல்லணும். பொய் சொல்ல வரல. நிஜம் சொல்லவும் வரல. அதான் வீட்டுலயே இருந்துட்டேன்."

"சிக்னல் இல்லாத பெட்டிய ஏன் போட்டு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"பழக்கம், பொண்ணே. அதைப் போட்டாத்தான் கை மெழுகுவர்த்திப் பக்கம் போகுது."

கம்பத்தை வேறு இடத்துக்கு மாற்றலாமா என்று க்விரின் தோட்டத்தைச் சுற்றினார். மேற்கே நட்டால் அவருடைய வால்நட் மரம் மறைக்கும், வடக்கே நட்டால் அவர் வீடே மறைக்கும், கூரையில் ஏற்றச் சட்டம் விடாது. பள்ளத்தாக்கில் இருக்கும் எங்கள் ஊருக்குச் சாதாரண ஆன்டெனாவில் எதுவும் வராது. அப்போதே க்விரின் அலோய்ஸுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"கூரையில வைக்கப்போற எங்க டிஷ்ஷிலேருந்து எங்கல்பெர்ட் வீட்டுக்கு ஒரு கேபிள் இழுக்க முடியுமா?"

"ஞாயித்துக்கிழமை காலையிலயா இந்தக் கேள்வி? வீட்டுக்கு வீடு செம்புக் கம்பி இழுத்தா இடி இறங்கும்போது வம்பு. கண்ணாடி நூல் கேபிள் இருக்கு, ஃபைபர்னு சொல்வாங்க, அதுல மின்சாரம் ஓடாது. அதைப் போடலாம். ஆனா பைப் வேணும். வேலியோரத்துல தண்ணிக்கும் கரண்டுக்கும் வெட்டின பள்ளம் திறந்துதானே இருக்கு? அதை நாளைக் காலையில மூட மெஷின் வருது. மூடிட்டா அப்புறம் உன் புல்தரையத் தோண்டணும்."

"இன்னிக்கு ஞாயிறு" என்றேன் நான். ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டி எடுப்பது எங்கள் ஊரில் ஆகாது, எனக்கும் ஆகாது.

"நாளைக்கு மெஷின் வர்றதுக்கு முன்னால" என்றார் க்விரின்.

ஆனால் அதற்குள் எங்கல்பெர்ட் தலையாட்டிவிட்டார். "வேண்டாம். உங்க வீட்டுக்கே இன்னும் கதவில்ல. எனக்காகச் செலவு பண்ணிக்கிட்டு... ரேடியோ இருக்கு. கேட்டுக்கிறேன். தானமா வாங்கிப் பழக்கமில்ல எனக்கு."

அந்த வார்த்தை கனமாக விழுந்தது. அலமாரியின் மேல் ரேடியோ தூசி படிந்து இருப்பதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தேன். மனசுக்குள் ஒரு சின்ன ஜெபம் சொன்னேன். எனக்கு வார்த்தை கிடைக்காதபோது அப்படித்தான் செய்வேன். பிறகு, ஏனோ, துடைப்பக் குஞ்சம் தலையில் வைத்த அந்த நீதிபதியின் முகம் ஞாபகத்துக்கு வந்தது.

"தானம்னு யாரு சொன்னா?" என்றேன். "இது உங்க பங்கு. ஒளித்தவர் பங்கு. இன்னும் நீங்க வாங்கிக்கல."

"அது ஒரு பெட்டி பீர்."

"பீர் குடிக்க மாட்டேன்னீங்க. ஈடா வேற கொடுக்கணும்னு தீர்ப்பு. அதைத் தீர்க்காம நாங்க குடியேறவும் கூடாது. ஊரே கேட்டுச்சு. நீங்க வாங்கிக்கலன்னா நாங்க ஆயுசுக்கும் வாடகை வீட்டுலதான் இருக்கணும்."

எங்கல்பெர்ட் என்னை முறைத்தார். வழக்கங்களை அவரைப்போல மதிப்பவர் எங்கள் தெருவில் வேறு யாரும் இல்லை. தன் வீட்டு வாசலைத் தாண்டும்போது அங்கே வைத்திருக்கும் புனித நீரில் கையை நனைக்காத பையன்களைப் பெயர் சொல்லித் திட்டுவார்.

"கண்ணாடி நூல் ஒரு பெட்டி பீர விட விலை அதிகம்" என்றார் கடைசியில்.

"உத்தரமும் பெரிசுதானே" என்றார் க்விரின்.

எங்கல்பெர்ட்டின் மீசை அசைந்தது. "மோர் கொடுத்தேன்ல, அதையும் கணக்குல சேர்த்துக்கோ."

திங்கள் விடியும்போது பள்ளத்தில் மூவர் இருந்தோம். அலோய்ஸ் பைப்பைச் சுருளிலிருந்து அவிழ்த்தான். க்விரின் எங்கல்பெர்ட்டின் சுவர்வரை செம்முந்திரிகைச் செடிகளுக்கு அடியில் மண்வெட்டியால் தோண்டினார். நான் வேர்கள் அறுபடாமல் செடிகளைக் கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டேன். எங்கல்பெர்ட் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, கறுப்புக் காபியைக் கையில் வைத்துக்கொண்டு, யார் எங்கே கோணலாகத் தோண்டுகிறார்கள் என்று சொன்னார்.

"இடது பக்கம், இடது பக்கம். பாலை மட்டும்தான் அளப்பானா இவன்?"

"அலோய்ஸ், அவருக்கும் ஒரு மண்வெட்டி கொடுடா" என்றார் க்விரின்.

"வேண்டாம். இவர் தோண்டினா அரை வரி முன்னால போயிடுவார்."

மெஷின் வந்தபோது பைப் மண்ணுக்குள் இருந்தது. மெஷின்காரன் எங்கள் சேறு படிந்த முழங்கால்களைப் பார்த்துவிட்டுப் பள்ளத்தை மூடினான்.

அன்று மாலை க்விரின் வரைபடத்தை மேசையில் விரித்து, எங்கள் வீட்டின் கோட்டுக்கு வெளியே, காகிதத்தின் ஓரத்தில், ஒரு சின்னப் பச்சைக் கோடு போட்டார். அதுவரை அந்தக் காகிதத்தில் எங்கள் வீட்டுக்கு அப்பால் எதுவும் வரையப்பட்டிருக்கவில்லை. கடவுள் நம்மிடம் பெரிய காரியங்களை எப்போதாவதுதான் கேட்கிறார் என்று நினைக்கிறேன். பெரும்பாலும் வேலிக்கு அந்தப் பக்கம் போய், குனிந்து ஒரு தடவை பார்க்கத்தான் சொல்கிறார்.

அந்த வாரமே அலோய்ஸ் கூரையில் கம்பம் ஏற்றி டிஷ்ஷை வைத்தான். எங்கள் வீட்டில் ஜன்னல் கிடையாது, கரண்டும் தற்காலிகம். சுவருக்குள் போன சிவப்புக் கோடுகளில் ஒன்றிலும் இன்னும் கேபிள் இல்லை. அந்த டிஷ் பிடித்த முதல் படம் எங்களுக்கு வரவில்லை. சுவரைத் தாண்டி, மண்ணுக்கடியில், செம்முந்திரிகை வேர்களைத் தாண்டிப் போனது.

ஞாயிறு பூசை முடிந்து திரும்பும்போது நாங்கள் மனைக்குள் போனோம். வரவேற்பறை ஆகப்போகிற இடத்தில், கலவை வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தோம். ஜன்னல் வைக்க விட்டிருந்த ஓட்டை வழியாக அந்தக் குரல் வந்தது. அடிக்குரல், கரடுமுரடாக, டிவியில் பாடுகிறவர்களுக்கு அரை வரி முன்னால். க்விரின் கையில் மடக்கு அளவுகோல் இருந்தது. அதை விரிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

பாட்டு நின்றது. மறையுரை தொடங்கியது போலிருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்து வீட்டு ஜன்னல் முழுதாகத் திறந்தது.

"டேய் க்விரின்! அங்க இருக்கியா?"

"இருக்கேன். படம் எப்படி இருக்கு?"

"படம் கண்ணாடி மாதிரி இருக்கு. ஆனா இந்தச் சாமியார் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேங்கிறார். அதுக்கு உன் டிஷ்ல ஏதாவது பண்ண முடியுமா?"

"அளந்து பார்க்கிறேன்" என்றார் க்விரின்.